நிறுத்தப் பட்டியல் இல்லாமல் ஒப்புதல் தராதீர்கள்: மூலக்கூறு அனிமேஷன் குறித்து ஒரு திறந்த மடல்

உயிர்வேதியியல் பாடங்களுக்கு மூலக்கூறு அனிமேஷன் தயாரிக்கும் குழுக்களுக்கும், அவற்றைக் கேட்டு வாங்கி ஒப்புதல் தரும் பாடக்குழுவினருக்கும்

வணக்கம்.

உங்கள் படங்களில் கட்டமைப்புத் தவறுகள் குறைந்துவிட்டன. புரதத் தரவு வங்கியிலிருந்து எடுத்த அணு ஆயங்கள், கண்ணுக்கு இதமான நிறம், நல்ல ஒளி எல்லாம் இருக்கின்றன. இப்போது படத்தைக் கெடுப்பது வேகம். புரதம் முதல் விநாடியிலிருந்தே பம்பரம் மாதிரிச் சுழல்கிறது. அது சுழலும்போதே கேமரா உள்ளே பாய்கிறது. கேமரா பாயும்போதே லிகண்ட் எனும் சிறு மூலக்கூறு ஒன்று வந்து ஒட்டுகிறது. எங்கே ஒட்டியது என்று கண் தேடுவதற்குள் படம் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கிவிடுகிறது.

இதைத் தயாரிப்பாளரின் கைத்திறன் குறைவு என்று நாங்கள் நினைக்கவில்லை. பணி ஆணையே பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது: 'ஹீமோகுளோபின், 90 விநாடி, பின்னணிக் குரலுடன்'. எங்கே நிற்க வேண்டும், எத்தனை நேரம் நிற்க வேண்டும், யார் அழுத்தினால் மேலே போக வேண்டும் என்பது பற்றி ஒரு வரிகூட இருக்காது. எங்கள் கோரிக்கை இதுதான்: ஸ்டோரிபோர்டுக்கு (காட்சி வரிசைத் திட்டத்துக்கு) ஒப்புதல் தரும்போதே, இவற்றையெல்லாம் சொல்லும் நிறுத்தப் பட்டியல் ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். மொத்த நீளம் அந்தப் பட்டியலிலிருந்து தானாக வரட்டும்.

இது ரசனை சார்ந்த விஷயம் அல்ல. ரிச்சர்ட் மேயரும் பால் சாண்ட்லரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், மின்னல் உருவாவதை விளக்கும் 140 விநாடி அனிமேஷன் ஒன்றை 16 துண்டுகளாக வெட்டினார்கள். அடுத்த துண்டுக்குப் போகும் பொத்தானை மாணவர் கையில் கொடுத்தார்கள். கற்றதைப் புதிய சிக்கலில் பயன்படுத்திப் பார்க்கும் கேள்விகளில், அப்படித் துண்டு துண்டாகப் பார்த்தவர்களே முந்தினார்கள். படமும் குரலும் மாறவில்லை. நிறுத்தங்கள் மட்டும்தான் கூடுதல். 140-ஐ 16-ஆல் வகுத்தால் ஒரு துண்டு 9 விநாடிக்குச் சற்றுக் குறைவு. மூலக்கூறுப் படங்களுக்கும் அதுவே நல்ல அளவு. ஒரு துண்டில் ஒன்றிரண்டு வாக்கியங்களும் ஒரே ஓர் அசைவும் போதும்.

எல்லாருக்கும் தெரிந்த ஹீமோகுளோபினையே எடுத்துக்கொள்வோம். ஆக்சிஜன் இல்லாத டி (T) நிலையிலிருந்து ஆக்சிஜன் ஏறிய ஆர் (R) நிலைக்கு மாறுவதைக் காட்ட வேண்டும். இந்தப் பாடத்தின் உயிர் இரண்டு அசைவுகளில் இருக்கிறது. ஒன்று, இரும்பு அணு, அதைத் தாங்கும் தட்டையான ஹீம் வளையத்தின் தளத்தை நோக்கிச் சுமார் 0.4 ஆங்ஸ்ட்ராம் நகர்வது (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரின் கோடியில் ஒரு பங்கு). மற்றது, புரதத்தின் நான்கு சங்கிலிகள் அமைக்கும் இரண்டு ஆல்ஃபா-பீட்டா இணைகளில் ஒன்று மற்றதைப் பொறுத்துச் சுமார் 15 டிகிரி திரும்புவது. முழு நான்கு சங்கிலிப் புரதமும் ஏறக்குறைய 65 ஆங்ஸ்ட்ராம் அகலம். அதைத் திரையில் 900 பிக்சலில் காட்டினால், அந்த 0.4 ஆங்ஸ்ட்ராம் என்பது ஐந்தாறு பிக்சல்தான். சுழலும் புரதத்துக்குள் ஐந்தாறு பிக்சல் நகர்வை யாராலும் பார்க்க முடியாது. ஹீமை நெருங்கி, 10 ஆங்ஸ்ட்ராம் 1000 பிக்சல் பிடிக்கும்படி வைத்தால் அதே நகர்வு 40 பிக்சல் ஆகும். அதுவும் கேமரா அசையாமல் இருந்தால்தான் தெரியும். கேமராவும் மூலக்கூறும் ஒரே நேரத்தில் அசையக் கூடாது என்ற விதியை நாங்கள் பிடித்துத் தொங்குவது இதனால்தான்.

இந்தப் பாடத்துக்கு எங்கள் நிறுத்தப் பட்டியல் இப்படிப் போகும். முதலில் முழுப் புரதம், 4 விநாடி அசையாமல். பிறகு இடமும் வலமுமாக 20 டிகிரி மெல்ல ஆடி 6 விநாடியில் பழைய இடத்துக்கே திரும்பி நிற்கும். முழுச் சுற்று வேண்டாம். ஆழம் புரிய அந்த ஆட்டம் போதும், பின்பக்கத்தைப் பார்த்து மாணவர் திசை மறக்கவும் மாட்டார். பொத்தான். அடுத்து 3 விநாடியில் ஒரு ஹீமை நோக்கிப் போய், மற்றவை மங்கி, இரும்பும் அதைப் பற்றியிருக்கும் எஃப்8 ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலமும் மட்டும் நிறத்தோடு நிற்கும். 3 விநாடி ஓய்வு. பொத்தான். ஆக்சிஜன் தோன்றும்; உடனே எதுவும் நகராது, 2 விநாடி அப்படியே. அதன் பிறகே இரும்பு நகரும், 2 விநாடி எடுத்துக்கொள்ளும். நகர்ந்து முடிந்ததும் பழைய இடம் ஒரு மெல்லிய நிழலாகத் தெரியட்டும். பொத்தான். அந்த ஹிஸ்டிடின் இருக்கும் சுருளான எஃப் ஹெலிக்ஸ் இழுபடுவது தனித் துண்டு. கடைசியில் கேமரா வெளியே வந்து நின்ற பிறகு 15 டிகிரித் திருப்பம்: தொடக்கத்தில் 2 விநாடி, திருப்பம் 3 விநாடி, முடிவில் 2 விநாடி. மறுபடி பார்க்க விரும்புபவர் பொத்தானை அழுத்திப் பார்த்துக்கொள்வார். தானாகத் திரும்ப ஓட வேண்டியதில்லை.

அந்தக் கடைசித் துண்டில் கோப்பு நிலையிலேயே நடக்கும் இரண்டு கோளாறுகளைச் சொல்லியாக வேண்டும். புரதத் தரவு வங்கியிலிருந்து டி நிலைக்கு 2எச்எச்பி (2HHB), ஆர் நிலைக்கு 1எச்எச்ஓ (1HHO) என்ற கோப்புகளை எடுப்பது வழக்கம். 2எச்எச்பி கோப்பில் நான்கு சங்கிலிகளும் இருக்கும். 1எச்எச்ஓ கோப்பில் இருப்பது பாதிதான், ஓர் ஆல்ஃபாவும் ஒரு பீட்டாவும். மற்ற பாதியைப் படிகச் சமச்சீரிலிருந்து உருவாக்க வேண்டும். முழுப் புரதத்தையும் தரும் உயிரியல் தொகுப்புக் கோப்பை இறக்கினாலும், இரண்டாம் பாதி அதே சங்கிலிப் பெயர்களோடு தனி மாடலாக வந்து உட்காரலாம். அதற்கு சி, டி (C, D) என்று பெயர் மாற்றாமல் மார்ஃப் (ஒரு நிலையிலிருந்து மற்றதற்குக் கணினி வரையும் மாற்றம்) ஓட்டினால் பாதிப் புரதம் மட்டும் அசையும், அல்லது சங்கிலிகள் ஒன்றோடொன்று இடம் மாறிப் பறக்கும். இன்னொன்று, இரண்டு நிலைகளையும் எதை வைத்து ஒன்றன்மேல் ஒன்று பொருத்துகிறீர்கள் என்பது. நான்கு சங்கிலிகளையும் சேர்த்துப் பொருத்தினால் திருப்பம் இரண்டு பக்கமும் பங்கிடப்பட்டு, மொத்தப் புரதமும் லேசாக நடுங்குவதுபோல் இருக்கும். வேகத்தைக் குறைத்தும் பயன் இருக்காது. ஓர் ஆல்ஃபா-பீட்டா இணையை மட்டும் வைத்துப் பொருத்துங்கள். அது அசையாமல் நிற்க, மற்றது திரும்புவது பளிச்சென்று தெரியும். ஆக்சிஜன் ஒரு நிலையில்தான் இருக்கிறது என்பதால் அதை மார்ஃபுக்குள் விடாமல் தனியே தோன்ற வையுங்கள்.

மார்ஃப் என்பதே கணக்கில் வரைந்த வழிதான். நேர்கோட்டில் அணுக்களை இழுத்தால் இடைப்பட்ட ஃப்ரேம்களில் பிணைப்புகள் சுருங்கும், அமினோ அமிலங்களின் பக்கச் சங்கிலிகள் ஒன்றை ஒன்று ஊடுருவும். 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி. என். ராமச்சந்திரனும் அவருடன் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் வெளியிட்ட, புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்கலாம் என்று காட்டும் வரைபடத்தில் அந்த இடைநிலைகளைப் போட்டுப் பாருங்கள். அனுமதி இல்லாத பகுதிகளில் புள்ளிகள் போய் விழும். ஆகவே மார்ஃபின் நடுவில் ஒருபோதும் நிறுத்தப் புள்ளி வைக்காதீர்கள். நிறுத்தினால் அதுவும் ஒரு நிஜக் கட்டமைப்பு என்று மாணவர் எழுதிக்கொள்வார். இரண்டு முனைகளில் மட்டும் நில்லுங்கள்.

இனி மூலக்கூறைத் திரையில் காட்டும் மென்பொருள்கள்: பைமால், கைமீரா எக்ஸ், ஜேஎஸ்மால். எங்கே தவறுகிறது என்பது ஒவ்வொன்றிலும் வேறு.

பைமாலில் 30 படி மார்ஃப் செய்து, விநாடிக்கு 30 ஃப்ரேம் என்று ஓட்டினால் முழு மாற்றமும் ஒரே விநாடியில் முடிந்துவிடும். பலர் செய்யும் பரிகாரம், ஃப்ரேம் வேகத்தை 10-க்கு இறக்குவது. அப்போது நேரம் 3 விநாடி ஆகும், ஆனால் படம் வெட்டி வெட்டி ஓடும், கேமரா அசைவும் சேர்ந்து கெடும். மார்ஃபையே 90 படியாகச் செய்யுங்கள். பிறகு ஃப்ரேம்களை வரிசைப்படுத்தும் எம்செட் கட்டளையில் முதல் நிலைக்கு 60 ஃப்ரேம், 1 முதல் 90 வரை ஓட்டம், 90-ஆம் நிலைக்கு 60 ஃப்ரேம் என்று கொடுங்கள். மொத்தம் 210 ஃப்ரேம், 7 விநாடி. முனைகளில் இரண்டிரண்டு விநாடி ஓய்வும் அதற்குள் அடங்கிவிடும்.

கைமீரா எக்ஸில் தவறு ஒரே இடத்தில்தான், ஆனால் அடிக்கடி. டர்ன் கட்டளை 90 ஃப்ரேமுக்கு என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் வெயிட் 90 எழுத மறந்துவிடுவார்கள். சுழற்சி முடியும்வரை ஸ்கிரிப்ட் காத்திருக்காது. அடுத்த வரியில் உள்ள ஜூம் உடனே தொடங்கிவிடும். சுழற்சியும் ஜூமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய படங்களில் பலவும் திட்டமிட்டுச் செய்தவை அல்ல, இந்த ஒரு வரி விடுபட்டதால் வந்தவை. நிறுத்தம் வேண்டும் இடத்தில் இன்னொரு வெயிட் தனியாக வேண்டும்: 25 ஃப்ரேம் வேகத்தில் 2 விநாடிக்கு வெயிட் 50.

இணையப் பக்கத்தில் நேரடியாக ஓடும் ஜேஎஸ்மால் வேறு ரகம். அங்கே டிலே கட்டளை ஃப்ரேமில் அல்ல, விநாடியில் எண்ணும். பார்வைக் கோணத்தை மாற்றும் மூவ்டூ கட்டளைக்கும் எத்தனை விநாடியில் போய்ச் சேர வேண்டும் என்று கொடுக்கலாம், அது முடிந்த பிறகே அடுத்த வரி ஓடும். ஸ்பின் அப்படி இல்லை. தொடங்கிவிட்டால் நிறுத்தச் சொல்லும்வரை சுழன்றுகொண்டே இருக்கும். ஸ்பின், டிலே 6, ஸ்பின் ஆஃப் என்று மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள். மாணவர் அழுத்தும்வரை காத்திருக்க டிலே போதாது. பாஸ் கட்டளையைப் போட்டு, பக்கத்தில் உள்ள பொத்தானுக்கு ரெஸ்யூம் கட்டளையைக் கொடுங்கள். மார்ஃபை முன்னும் பின்னுமாக ஓட்டும் பாலிண்ட்ரோம் முறையில் இரண்டு முனைகளுக்கும் தனித்தனி ஓய்வு விநாடி கொடுக்க வழி இருக்கிறது. ஓய்வு இல்லாமல் விட்டால் புரதம் மூச்சு விடுவதுபோலத் தோன்றும், எது தொடக்கம் எது முடிவு என்றே தெரியாமல் போகும்.

ஜேஎஸ்மாலில் இன்னொரு பொறி, மூலக்கூறின் மேற்பரப்பைக் கணக்கிடுவது. தயாரிப்பாளர் கணினியில் கண்ணிமைக்கும் நேரத்தில் வரும் மேற்பரப்பு, சாதாரணக் கைபேசியில் பல விநாடி எடுக்கும். ஸ்கிரிப்ட் அதுவரை நிற்கும்; பின்னணிக் குரல் நிற்காது. மேற்பரப்பை முன்கூட்டியே கணக்கிட்டு ஜேவிஎக்ஸ்எல் கோப்பாகச் சேமித்து ஏற்றுங்கள். குரலையும் ஒரே நீண்ட கோப்பாக வைக்காமல் துண்டுக்கு ஒன்றாக வெட்டி, அந்தத் துண்டின் படம் தயாரான பிறகே ஒலிக்கச் செய்யுங்கள்.

மூலக்கூறு இயக்கவியல் ஓட்டங்களை, அதாவது அணுக்களின் அசைவைக் கணினியில் கணக்கிட்ட ஓட்டங்களைக் காட்டுபவர்களுக்குத் தனியாக ஒரு கணக்கு. 100 நானோவிநாடி ஓட்டத்தில் 10 பிக்கோவிநாடிக்கு ஒரு ஃப்ரேம் சேமித்தால் 10,000 ஃப்ரேம். 25 வேகத்தில் எல்லாவற்றையும் ஓட்டினால் 400 விநாடி. யாரும் உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள். 50-க்கு ஒன்று எடுத்தால் 200 ஃப்ரேம், 8 விநாடி. நீளம் சரியாகிவிடும். ஆனால் இரண்டு ஃப்ரேமுக்கு இடையே 500 பிக்கோவிநாடி கடந்துபோவதால் பக்கச் சங்கிலிகள் வெடவெடவென்று துள்ளும். உடனே இந்த ஓட்டங்களைக் காட்டும் விஎம்டி மென்பொருளில் இருக்கும் மென்மையாக்கும் வசதியைத் தட்டுவார்கள். அது அடுத்தடுத்த ஃப்ரேம்களைச் சராசரி செய்கிறது. அதனால் சுழலும் மெத்தில் தொகுதியின் ஹைட்ரஜன்கள் அச்சை நோக்கி ஒடுங்கும், புரளும் ஃபீனைல் வளையம் நசுங்கும். புரதத்தின் முதுகெலும்பான முதன்மைச் சங்கிலியை மட்டும் மென்மையாக்கி ரிப்பனாகக் காட்டுங்கள், ஹைட்ரஜனை மறையுங்கள், முக்கியமான பக்கச் சங்கிலியை நிறுத்தப் புள்ளியில் நிஜ ஃப்ரேமிலிருந்து காட்டுங்கள். மென்மையாக்கிய ஓட்டத்தின் மேல் தூர அளவை எழுதாதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்பாகப் புரதத்தை முதல் ஃப்ரேமோடு பொருத்தி, கணினி ஓட்டம் நடக்கும் பெட்டியின் ஓரத்தில் அது வெட்டுப்பட்டு மறுபக்கம் தாவுவதைச் சரிசெய்துவிடுங்கள். இல்லையென்றால் மெதுவாக ஓடும் படத்தின் நடுவே மூலக்கூறு திடீரென்று மாயமாகும்.

சுழலும் இயந்திரங்களில் வேகம் பொய்யே சொல்லும். செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செய்யும் நொதி, ஏடிபி சிந்தேஸ்; அதன் சுழலும் சி வளையத்தைப் பாருங்கள். ஈஸ்டில் அதற்கு 10 துணையலகுகள், அடுத்தடுத்தவற்றுக்கு இடையே 36 டிகிரி. ஒரு ஃப்ரேமில் வளையம் 36 டிகிரி திரும்பினால், ஒவ்வொரு துணையலகும் பக்கத்தில் உள்ளதன் இடத்தில் போய் உட்காரும். வளையம் நிற்பதாகவே கண் நம்பும். 18 டிகிரியைத் தாண்டினாலே பின்னோக்கிச் சுழல்வதாகத் தோன்றும். 25 ஃப்ரேம் வேகத்தில் இது வராது என்று அலட்சியமாக இருக்காதீர்கள். காணொளி வகுப்பில் திரையைப் பகிரும்போது விநாடிக்கு 5 ஃப்ரேம்தான் போய்ச் சேர்ந்தது என்றால், 2 விநாடிக்கு ஒரு சுற்று என்று நீங்கள் செய்த வளையம் அங்கே அசையாமல் நிற்கும். 3 விநாடிக்கு ஒரு சுற்று என்றால் எதிர்த்திசையில் ஓடும். ஒரே ஒரு துணையலகுக்கு வேறு நிறம் கொடுங்கள், சுற்றையும் மெதுவாக்குங்கள். இந்த நொதி சீராகச் சுற்றுவதில்லை என்பதும் வசதியாகவே அமைகிறது. ஏடிபி உருவாகும் எஃப்1 பகுதி 120 டிகிரிப் படிகளாகத் திரும்புகிறது, ஒவ்வொரு படியிலும் வினை நடக்கும் மூன்று இடங்களும் ஒரு நிலை முன்னேறுகின்றன. 2 விநாடி ஓட்டம், 2 விநாடி நிறுத்தம் என்று மூன்று முறை வைத்தால் சுற்றுக்கு 12 விநாடி. விநாடிக்கு 60 டிகிரி என்பதால் 5 ஃப்ரேமிலும் திசை மாறாது, மூன்று வினையிடங்களையும் நின்று பேசலாம்.

அந்த 12 விநாடி நிஜமல்ல என்பதையும் திரையிலேயே சொல்லுங்கள். எஃப்1 தடையில்லாமல் ஓடும்போது விநாடிக்கு நூறு சுற்றுக்கு மேல் போகக்கூடியது. நாம் ஆயிரம் மடங்குக்கு மேல் மெதுவாக்கியிருக்கிறோம். ஹீமோகுளோபினின் நான்கு சங்கிலி மாற்றம் சுமார் 20 மைக்ரோவிநாடி அளவில் நடப்பது. 3 விநாடியில் காட்டினால் ஒன்றரை லட்சம் மடங்கு. ஒரே படத்துக்குள் துண்டுக்குத் துண்டு இந்த மடங்கு மாறும் என்பதால், மூலையில் சிறிய எழுத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் தனியாகப் போட வேண்டும். முகப்பில் ஒரு முறை 'மெதுவாக்கப்பட்டது' என்று போட்டால் எதுவும் விளங்காது.

தமிழ்க் குரல் கொடுப்பவர்களிடம் ஒரு தனி வேண்டுகோள். ஆங்கிலக் குரலுக்கு வெட்டிய படத்தின் மேல் தமிழை ஏற்றும்போது பேச்சு ஓட வேண்டியிருக்கிறது என்று எல்லாரும் முணுமுணுக்கிறார்கள். அதைவிடப் பெரிய கோளாறு வரிசையில் இருக்கிறது. 'ஆக்சிஜன் வந்து சேர்ந்ததும் இரும்பு அணு ஹீம் தளத்தை நோக்கி நகர்கிறது' என்ற வாக்கியத்தில் பொருள்களின் பெயர்கள் முன்னால் வருகின்றன, அசைவு கடைசிச் சொல்லில்தான் வருகிறது. ஆங்கில நேரத்தின்படி படத்தில் இரும்பு அதற்குள் நகர்ந்து முடிந்திருக்கும். 'இரும்பு அணு' என்ற சொல்லில் அது ஒளிரட்டும், 'தளத்தை' என்ற சொல்லில் தளம் ஒளிரட்டும், 'நகர்கிறது' என்று முடியும்போதுதான் அசைவு தொடங்கட்டும். அதாவது குரலை முதலில் பதிவு செய்து, அதன் மேல் ஃப்ரேம் எண்களைக் குறித்துக்கொண்டு, பிறகு படத்தைச் செய்ய வேண்டும். இரண்டு மொழிக்கு இரண்டு நேரப் பட்டியல் என்பது கூடுதல் செலவு அல்ல; மார்ஃப் கோப்பு ஒன்றேதான், மாறுவது வெயிட், டிலே எண்கள் மட்டும்.

கோப்பு வடிவத்தில் நேரம் எப்படித் திரிகிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஜிஃப் கோப்பு காலத்தை விநாடியின் நூறில் ஒரு பங்காக எண்ணுகிறது. 30 ஃப்ரேம் என்பதை அதில் சரியாக எழுதவே முடியாது, 25-ஐ எழுதலாம். இடைவெளி 2-க்குக் கீழே போனால் உலாவிகள் பெரும்பாலும் அதை 10 ஆக எடுத்துக்கொள்ளும். வேகமாக ஓட வேண்டியது விநாடிக்கு 10 ஃப்ரேமாக ஊர்ந்துபோகும். திரைப்பதிவுச் செயலிகள் தரும் காணொளியில் ஃப்ரேம் வேகம் நிலையாக இருக்காது, தொகுக்கும்போது குரல் விலகும். மென்பொருளிலிருந்தே நேரடியாக ஏற்றுமதி செய்யுங்கள். இணைய அணுகல் வழிகாட்டுதல்களின் 2.2.2 விதி, தானாகத் தொடங்கி 5 விநாடிக்கு மேல் மற்ற உள்ளடக்கத்தோடு சேர்ந்து ஓடும் எந்த அசைவையும் நிறுத்தவோ மறைக்கவோ வழி இருக்க வேண்டும் என்கிறது. பக்கத்தின் ஓரத்தில் ஓயாமல் சுழலும் புரதம் அந்த விதியை மீறுகிறது. அசைவைக் குறைக்கும்படி தன் கருவியில் அமைத்திருப்பவருக்கு முனைகளின் நிலைப்படங்களை மட்டும் காட்டுங்கள்.

ஒப்படைக்கும்போது ஒரே நீண்ட காணொளியாகத் தராதீர்கள். வகுப்பில் ஆசிரியர் ஸ்லைடில் வைத்து ஓட்டுவார். துண்டுக்கு ஒரு கோப்பு, கிளிக் செய்தால் தொடங்குவது, முடிந்தால் கடைசி ஃப்ரேமிலேயே நிற்பது என்று கொடுங்கள். ஒரு துண்டின் கடைசி ஃப்ரேமும் அடுத்ததன் முதல் ஃப்ரேமும் ஒரே கேமராவில், ஒரே சுருக்க அமைப்பில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாறும் இடத்தில் நிறம் ஒரு முறை துள்ளும், கண் அங்கே போய்விடும். கூடவே ஸ்கிரிப்ட் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். 2 விநாடி போதவில்லை என்று அடுத்த ஆண்டு ஓர் ஆசிரியர் சொன்னால், மாற்ற வேண்டியது அதில் ஒரே ஓர் எண்ணாக இருக்கும். காணொளி மட்டும் கையில் இருந்தால் புதிதாக ஒரு பணி ஆணை போட வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
மூலக்கூறு அனிமேஷன் செய்வோரும் அதை வைத்துப் பாடம் நடத்துவோரும்